துப்புக்கூலியும் துப்பறியும் கதையும்

'துப்பு' என்னும் சொல் பழந்தமிழில் வலிமையைக் குறித்தது, உணவைக் குறித்தது, பவளத்தையும் குறித்தது. மழையைப் பாடிய வள்ளுவர் ஒரு குறளில் அச்சொல்லைத் திரும்பத் திரும்ப ஆண்டு நாவுக்கு விருந்து வைத்திருப்பதை அறியாத கவிஞர் இரார். ஆயினும் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துச் சம்சாரிக்கு அச்சொல் நெடுங்காலம் வேறொன்றையே நினைவூட்டியது. இரவு தொழுவில் கட்டிய மாடு விடியலில் இல்லையென்றால் அவன் தேடியது துப்பு. அது கிடைப்பதற்காக அவன் கொடுத்தது துப்புக்கூலி.

துப்புக்கூலி என்பது கற்பனையன்று. 1906இல் பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரி தொகுத்த மதுரை மாவட்ட விவரச் சுவடியில் அது முறையாகப் பதிவாகியுள்ளது. மாட்டைப் பறிகொடுத்தவன் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. துப்புச் சொல்லக் கூடியவனிடம் போவான். பேரம் நடக்கும். கூலி பல வேளைகளில் மாட்டின் விலையில் பாதியை எட்டும். பணம் கைமாறிய சில நாள்களில், ஆளரவமற்ற ஓரிடத்தில் மாடு கட்டிக் கிடக்கிறதென்று செய்தி வரும். மாடு வீடு திரும்பும். வழக்கு இல்லை, தண்டனை இல்லை. துப்பறிந்தவனுக்கும் களவாடியவனுக்கும் இடையிலிருந்த உறவைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. ஆங்கில அதிகாரிக்கு இது வெறும் கொள்ளையாகத் தோன்றியது. ஊராருக்கோ இழந்த பொருள் திரும்பும் வழிகளுள் இதுவும் ஒன்று.

வானம் பார்த்த பூமி இது. மானாமதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் இருப்புப்பாதையில் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று நிலையங்கள் வரும். சன்னலுக்கு வெளியே கண்மாய்க் கரைகளும் பனைகளும் சீமைக்கருவேலங் காடும் கரிமூட்டப் புகையும் தொடர்ந்து வரும். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மானாவாரி. இத்தகைய மண்ணில் ஒரு மாடு என்பது ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாழ்வு. ஆகவே களவும் காவலும் துப்பும் இங்கே பொழுதுபோக்குக் கதைப்பொருள் ஆவதற்கு முன்பே வாழ்க்கைப் பொருளாக இருந்தன. குடிகாவல் முறையில் ஊர்க்காவலை ஏற்றவர் களவு போனதைக் கண்டுபிடிக்கவோ ஈடு கொடுக்கவோ கடமைப்பட்டவர். மாட்டின் குளம்படியையும் மனிதனின் காலடியையும் பார்த்தே ஆள் இன்னாரென்று சொல்லவல்ல தடம் பார்ப்போர் இருந்தனர். அவர்களது திறன் எந்த நூலிலும் எழுதப்படவில்லை.

மனிதரால் முடியாதபோது தெய்வம் துப்பறிந்தது. மை போட்டுப் பார்த்தல், குறி கேட்டல், கருப்பசாமி முன்னிலையில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தல் ஆகியவை இன்னும் மறையவில்லை. திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் காளி கோயிலில், களவு கொடுத்தவர்கள் காசு வெட்டிப் போட்டு நீதி வேண்டுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஏற்படுத்திய நீதிமன்றமும் இவற்றோடு சேர்ந்து கொண்டது. 1879இல் திருச்சுழியில் பிறந்த இரமண மகரிசியின் தந்தை சுந்தரமையர் அவ்வூரில் வழக்குரைத்து வாழ்ந்தவர் என்பது பலர் அறிந்த செய்தி. சத்தியமும் சாட்சியமும் ஒரே ஊரில் அடுத்தடுத்து நின்ற காலம் அது.

இவற்றையெல்லாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இலக்கிய வட்டங்களின் மேடைகளில் துப்பறியும் கதை என்றால் முகஞ்சுளிக்கும் வழக்கம் நெடுநாளாக நிலவி வருகிறது. அது மேனாட்டுச் சரக்கு, பயணத்தில் படித்துத் தூக்கியெறியத்தக்கது என்பது பொதுக்கருத்து. வடிவம் மேனாட்டிலிருந்து வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வடிவத்தின் உள்ளீடு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் முழுவதும் ஒற்றாடல். சிலப்பதிகாரத்தின் திருப்பமோ ஒரு தடயப்பொருள். பாண்டிமாதேவியின் சிலம்பின் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். அந்த ஒரு வேறுபாட்டை முன்கூட்டிப் பார்க்க ஒருவரும் முயலாமையால் ஓருயிர் போயிற்று. பின் ஓர் அரசும் ஒரு நகரும் போயின. விசாரணையின்றி வழங்கிய தண்டனையின் கதையைத் தமிழன் காப்பியமாகவே வைத்துப் போற்றுகிறான்.

கவிஞர்கள் இன்னுமொன்றை நினைவிற் கொள்ளுதல் தகும். குற்றத்தைப் பாடுதல் தமிழ்ச் செய்யுளுக்குப் பழக்கமான தொழில். நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகையில் திருடனே தன் கதையைத் தன் வாயாற் சொல்கிறான். களவுக்குச் சென்று பிடிபட்டுக் கால் இழந்து, பின் தெய்வ அருளால் நலம் பெறுவது அதன் போக்கு. திருச்செந்தூர் நொண்டி நாடகம் ஒரு சான்று. கீழக்கரை வள்ளலைப் போற்றும் சீதக்காதி நொண்டி நாடகம் இச்சேதுச் சீமையின் கடற்கரையைச் சார்ந்தது. பாரதி எடுத்தாண்ட நொண்டிச் சிந்தின் பெயரில் அந்தத் திருடனின் ஊன்றுகோல் ஓசை இன்னும் கேட்கிறது.

அச்சு வந்தபின் சிந்து சந்தைக்கு வந்தது. எங்கேனும் கொலை நடந்தால் சில நாள்களில் கொலைச்சிந்து அச்சாகிவிடும். மட்டமான தாள், பெரிய எழுத்து, சில பக்கங்கள், காலணா அரையணா விலை. திருவிழாக்களிலும் சந்தைகளிலும் புகைவண்டிகளிலும் பாடிக்கொண்டே விற்றனர். படிக்கத் தெரியாதவரும் காதால் வாசித்தனர். தென்பாண்டிச் சீமையில் செம்புலிங்கம் என்று பேர்போன கொள்ளையரைப் பற்றிய பாட்டுகள் பரவியதும் இவ்வழியேதான். குஜிலிக் கடைப் பதிப்புகள் என்று ஏளனம் செய்யப்பட்ட இவற்றை ஆராய்ந்து ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலை வெளியிட்ட பிறகே புலமையுலகம் சற்றுத் திரும்பிப் பார்த்தது. யாப்பு முறையில் குறை சொல்லலாம்; ஆனால் ஒரு கொலைச் செய்தியை ஓசையோடு ஊரின் நினைவில் நிறுத்திய ஆற்றலை எந்த மரபுக் கவிஞரும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

தமிழ் உரைநடையில் துப்பறியும் கதை தோன்றிய ஆண்டாகப் பொதுவாக 1894ஐக் குறிப்பர். நாட்டார் கதைகளைத் தொகுத்த பண்டித ச. ம. நடேச சாஸ்திரி, தானவன் என்னும் போலீஸ் நிபுணனை நாயகனாக்கி அவ்வாண்டில் நூல் வெளியிட்டார். கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றி அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. நாட்டுக்கதை தேடியவரே துப்பறியும் கதைக்கும் கால்கோள் செய்தார் என்பது தற்செயல் என்று தோன்றவில்லை. பின் ஜே. ஆர். ரங்கராஜு வந்தார். 1908இல் வெளியான 'இராஜாம்பாள்' பதிப்புமேல் பதிப்புக் கண்டது; 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. அதன் கதைக்கருவைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். காதலியை எரித்துக் கொன்றவனென்று ஒரு நிரபராதி சிறைப்படுகிறான். எல்லாச் சான்றும் அவனுக்கு எதிராகவே நிற்கின்றன. துப்பறியும் கோவிந்தன் உண்மையை வெளிக்கொணர்ந்து அவனை மீட்கிறான். இடையிடையே வரும் நீண்ட அறிவுரைகளை இன்றைய வாசகர் தாண்டிச் சென்றாலும் பாதகமில்லை, கதை தளராது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் 'திகம்பர சாமியார்' என்னும் படமாகி, எம். என். நம்பியாரைப் பல வேடங்களில் காட்டியது.

கற்பனையை விஞ்சிய வழக்கொன்றும் அடுத்தடுத்து நிகழ்ந்தது. வடுவூராரின் 'மேனகா' 1935இல் படமானபோது அதில் நடித்துத் திரைக்கு அறிமுகமானவர் என். எஸ். கிருஷ்ணன். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் கிருஷ்ணனும் எம். கே. தியாகராஜ பாகவதரும் தண்டிக்கப்பெற்று, மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணையில் 1947இல் விடுதலையாயினர். குற்றம் சாட்டப்பட்டவன் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாதென்பதைத் தமிழ்நாடு முழுவதும் உணர்ந்த வழக்கு அது.

இனி, இந்த வறண்ட நிலத்து வாசகருக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள தனியுறவு. குற்றப் பரம்பரைச் சட்டம் வடஇந்தியாவில் 1871இல் வந்தது; 1911இல் திருத்தம் பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கள்ளர், மறவர் முதலிய சமூகத்தினர் பலர் அதன் கீழ்க் கொணரப்பட்டனர். மக்கள் வழக்கில் அதன் பெயர் ரேகைச் சட்டம். வயது வந்த ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும். குறித்த இரவுகளில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். ஊர் தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்றவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். இராமநாதபுரம் மாவட்டத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் இச்சட்டத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினர். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. 1952இல் இந்தியா முழுவதிலும் அதன் பட்டியல் செல்லாததாயிற்று.

கைரேகை என்பது துப்பறியும் கதையின் மணிமுடி. உலகின் முதற் கைரேகைக் கூடம் 1897இல் கல்கத்தாவில் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியக் காவல் அலுவலர்க்குப் பெரும்பங்குண்டு. பெயர் மட்டும் ஹென்றி என்னும் ஆங்கிலேய அதிகாரிக்குப் போயிற்று. கதைகளில் ரேகை செய்யும் வேலை, பத்துப் பேரில் ஒன்பது பேரை விடுவித்து ஒருவனைச் சுட்டுவது. சட்டத்தில் ரேகை செய்த வேலை, குற்றம் நடக்கும் முன்பே ஓர் ஊர் முழுவதையும் குற்றவாளியாக எழுதி வைப்பது. ஒரே மையை இரண்டு நோக்கங்களுக்குப் பயன்படுத்தினர். தானவனும் கோவிந்தனும் பட்டணத்து வாசகருக்குப் பொழுதுபோக்கு. பாட்டன் மைதடவிய விரலோடு நிலையத் திண்ணையில் படுத்திருந்ததைக் கேட்டு வளர்ந்தவனுக்கோ, குற்றம் பிறப்பைச் சார்ந்ததன்று, செய்தவன் ஒருவனையே சாரும் என்று பக்கம் பக்கமாக நிறுவும் கதை வேறு பொருள் தரும். துப்பறியும் கதையை இலக்கிய வட்டம் படிக்க வேண்டுமென்று பரிந்துரைப்பதற்கு இதைவிட வலிய காரணம் தேவையில்லை.

எவற்றைப் படிப்பது? நகைச்சுவையில் தொடங்குவோர் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை எடுத்துக்கொள்ளலாம். 1942 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த அக்கதைகளின் நாயகன் வங்கிக் குமாஸ்தா. அறிவால் அன்று, அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்குபவன். துப்பறிவாளனின் மேதைமையை இவ்வளவு இனிமையாகக் கேலி செய்த நூல் வேறில்லை. தேவனே எழுதிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' நீதிமன்றத்தை அங்குலம் அங்குலமாகக் காட்டுவது. சாட்சியம் என்பது யாதென்று அறிய விரும்புவோர்க்கு அது பாடநூல்.

தமிழ்வாணன் இம்மாவட்டத்துக்கு உரிமையுடையவர். 1926இல் அவர் பிறந்த தேவகோட்டை அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. நரிக்குடியும் அம்மாவட்டத்தில்தான் 1985 வரை இருந்தது. இராமநாதன் என்னும் இயற்பெயருடையவர்க்குத் தமிழ்வாணன் என்று பெயர் சூட்டியவர் திரு.வி.க. 'கல்கண்டு' இதழின் ஆசிரியராக இருந்து அவர் படைத்த சங்கர்லால், தேநீர் அருந்தி உலக நகரங்களெங்கும் துப்பறிந்தான். பிறமொழிச் சொல் விரவாத எளிய தமிழில் விறுவிறுப்பு இயலும் என்று காட்டியது தமிழ்வாணனின் பெருமை. வறண்ட நிலத்தில் பிறந்தவன் அந்நிலத்தை ஒருமுறையேனும் கதைக்களமாகப் பெரிதும் நாடாமல் அயல்நாட்டு விமானத்தில் ஏறிக்கொண்டது வாசகர்க்கு ஓர் ஏக்கம்.

சுஜாதா 1968இல் குமுதத்தில் எழுதிய 'நைலான் கயிறு' வழக்குரைஞர் கணேஷை அறிமுகப்படுத்தியது. வசந்த் பின்னர் வந்து சேர்ந்தான். கவிஞர்கள் தவறாமற் படிக்க வேண்டியது அவரது 'கரையெல்லாம் செண்பகப்பூ'. நாட்டுப்பாடல் சேகரிக்கச் சிற்றூர் செல்லும் இளைஞன் ஒருவன் மர்மத்துள் விழுகிறான். பாட்டும் கொலையும் ஒரே வீட்டில் தங்குகின்றன. கொலைச்சிந்தின் பேரப்பிள்ளை என்று அந்நாவலைச் சொன்னால் மிகையாகாது. 1981இல் அது திரைப்படமாகவும் வந்தது. எழுத்தில் உள்ள காற்றும் ஒளியும் படத்தில் குறைவே.

1980களில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளை நிறைத்தன. கோவை ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோர் வீட்டுப் பெயர்களாயினர். ராஜேஷ்குமார் எழுதியவை மட்டும் ஆயிரத்தைந்நூறைத் தாண்டும். எல்லாம் நின்று நிலவும் என்று யாரும் சொல்லார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பலரைத் தொடர்ந்து படிப்பவராக்கிய பெருந்தொண்டு அவற்றினுடையது.

தொலைக்காட்சிக்கு வருவோம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சாம்பு காத்தாடி இராமமூர்த்தியின் உருவில் சின்னத்திரைக்கும் வந்தான். எனினும் இந்நிலத்தின் மண்வாடையோடு வந்த முதற்பெரும் தொடர் 1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' எனலாம். எழுதியவர் மதுரையில் வாழ்ந்து 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா, தயாரித்தது கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். ஊரில் தவறு செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தண்டிக்கப்படுகின்றனர். இரவில் குதிரைக் குளம்பொலி. கருப்பன் தண்டித்தான் என்கிறது ஊர். இல்லை, மனிதக் கை என்கிறது படித்த தலைமுறை. முடிவை இங்கே சொல்வது அத்தொடருக்கு இழைக்கும் துரோகம். சாமியின் துப்பையும் அறிவின் துப்பையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டையும் இழிவு செய்யாமல் கதை நடத்திய திறமே அதன் சிறப்பு. திருப்பாச்சேத்தி அரிவாள் நாட்டிய கோயில்களின் நிழலில் வளர்ந்தவர்க்கு அதன் அச்சம் நாடகமாகத் தோன்றவில்லை.

அண்மைக் காலத்தில் இணையவழித் தொடர்கள் பெருகியுள்ளன. 2022இல் மட்டும் 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி' என மூன்று குறிப்பிடத்தக்கவை வெளிவந்தன. மூன்றிலும் களம் மாநகர் அன்று. 'சுழல்' மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையின் முதுகெலும்பாக்கியது. 'வதந்தி' கொலையுண்ட பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 'விலங்கு' ஒரு சாதாரணக் காவல் நிலையத்தின் அன்றாடத்தை, மேலதிகாரியின் வசவு முதல் மதியச் சாப்பாடு வரை, நம்பும்படி காட்டியது. பார்க்கத்தக்கவை. ஆனால் இன்றைய திரைக்கதைகள் பலவற்றில் ஒரு பழக்கம் படிந்து வருகிறது: அடித்தால் உண்மை வரும் என்று காட்டுவது. கோவிந்தனும் கணேஷும் சிந்தித்துச் செய்ததை லத்தி செய்து முடிக்கிறது, பார்ப்பவரும் கைதட்டுகின்றனர்.

அந்தக் கைதட்டலை எளிதாக எடுத்துக்கொள்ள இவ்வட்டாரத்தால் இயலாது. 2025 ஜூன் மாதம், காசு வெட்டிப் போட்டுக் களவுக்கு நீதி கேட்கும் அதே மடப்புரம் கோயிலின் காவலாளி ஒருவர், நகை காணாமற் போனதாக எழுந்த புகாரில் காவலர்களால் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். காவலர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. நகை எடுத்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை தேடும் முன்பே தண்டனை நடந்துவிட்டது. கோவலனுக்கு மதுரையில் நேர்ந்தது வைகைக் கரையோரம் சில காத தூரத்தில் மீண்டும் நேர்ந்திருக்கிறது.

எனவே கவிஞர்களும் வட்டத்து அன்பர்களும் துப்பறியும் தொடரொன்றைத் தேர்ந்து பார்க்க விரும்பினால் 1993இல் தூர்தர்ஷனில் வந்த 'வியோம்கேஷ் பக்ஷி'யைத் தேடிப் பார்ப்பது நலம். பாசு சட்டர்ஜி இயக்க, ரஜித் கபூர் நடித்தது. மொழி இந்தியாயினும் புரிதலுக்குத் தடையில்லை. துப்பாக்கி அரிது, துரத்தல் அரிது, ஓர் அறையில் இருவர் அமர்ந்து பேசப் பேச உண்மை மெல்ல விலகி வெளிவரும். வங்க எழுத்தாளர் சரதிந்து வந்தியோபாத்தியாய் 1932இல் படைத்த அந்த நாயகனுக்குத் துப்பறிவாளன் என்னும் பெயர் பிடிக்காது. அவன் வாசற்பலகையில் பெயருக்குக் கீழே 'சத்தியான்வேஷி' என்று எழுதியிருக்கும்.